பழைய ரேடியோ ஜெயித்த கதை

1

முப்பத்தாறு மணி நேரம் நடந்த ஒரு போரில் பழைய ரேடியோ ஜெயித்தது. போர் நடந்தது கணினிக்குள், பெங்களூரில், 1998இல். இப்படியும் ராணுவ ரேடியோக்களைச் சோதிப்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டேன். மீதி என் கற்பனை.

பியாட்ரிஸ் லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறி

(வேண்டாம். அவள் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.)

2

ஓய்வுபெற்ற இரண்டு ராணுவ அதிகாரிகள், அடுத்தடுத்த அறைகளில். நடுவே பிளைவுட் தடுப்பு. எதிரியின் இடத்தைக் கணேசமூர்த்தி தட்டச்சு செய்து அனுப்புவார்; அதை வைத்துப் பெருமாள்சாமி படையை நகர்த்துவார். புதிய ரேடியோ என்றால் தகவல் உடனே போகும். பழையது என்றால் கணினி நான்கு நிமிடம் பிடித்து வைக்கும். அந்த நிரலை எழுதியவள் பியாட்ரிஸ்.

கணேசமூர்த்தி அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை உரக்கச் சொல்வார். மலையுச்சிகளில் ரேடியோ பேசிப் பழகிய தொண்டை.

புதிய ரேடியோவோடு ஓர் ஆட்டம், பழையதோடு ஓர் ஆட்டம்; இரண்டிலும் சேதம் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் புதியது தேவையில்லை.

“நம்ம காலத்து செட்டும்மா,” என்றார் கணேசமூர்த்தி பியாட்ரிஸிடம். “சும்மாவா?”

3

பியாட்ரிஸுக்கு ஒன்று தெரியும். ஆனால் அவள், டீ வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு இரண்டாவது கோப்பையையும் குடிப்பவள். எப்படிப் பேசுவாள்? அதனால் லாயிட் என்று ஓர் அண்ணனைக் கொடுத்தேன். எல்லைக் காவலில் இருக்கிறான். முதுகில் அதே பழைய ரேடியோ.

(மலிவான தந்திரம். அண்ணன் இருந்தால்தான் ஒரு பெண் உள்ளதைச் சொல்வாளா?)

லாயிட்டை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவன் இல்லாத கதையிலும் அவள் பேசினாள். சந்தோஷப்பட்டேன், பிறகு யோசித்தேன். இரண்டையும் எழுதியவள் நான்தானே. தாளில் அடித்தேனே தவிர, லாயிட்டை நான் மறக்கவில்லை. என் சோதனையும் செல்லாது.

4

பழையதே போதும் என்ற அறிக்கையில் கையெழுத்திட அலுவலகத்தின் இயக்குநர் பேனாவைத் திறந்துவிட்டார். அவர் மூடி வைத்தாரா, முப்பத்தாறு மணி நேரத்தையும் மறுபடி ஓட்டச் சொன்னாரா, கையெழுத்தே போட்டுவிட்டாரா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். லாயிட் வேண்டுமா என்பதையும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கணேசமூர்த்தி அவள் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா, ஏதோ சொல்ல வந்தே?”

பியாட்ரிஸ் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ரேடியோ லேட்டாத்தான் வந்துச்சு சார். அதுக்கு முன்னாடியே உங்க குரல் பலகையத் தாண்டி அந்த ரூமுக்குப் போயிடுச்சு.”