மூலைக்கு எட்டாத நீலம்

1

சுதந்திரத்தின் விலை கெஜம் ஒன்றே கால் வெள்ளி. மலாய் நாடு விடுதலையான 1957 ஆகஸ்டில், காஜா பெராங்கில் என் அத்தா காதர் மைதீனின் துணிக்கடையில், கொடிக்கான நீலம் அந்த விலைக்குத்தான் போயிற்று. பேரம் பேசினால் ஒரு வெள்ளி பத்துக் காசு. இந்தக் கதை அந்த நீலத்தில் பிறந்தது. அத்தா இதைக் கடைசிவரை ஒரு புகாராகவே சொல்லிக்கொண்டிருந்தார்: "வியாபாரத்துல ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். அதை நம்ப ஆளில்ல."

(மிச்சமெல்லாம் என் இட்டுக்கட்டு. கடைக்கார வீட்டுப் பிள்ளை நான். சரக்கில் கலப்படம் இருக்கும், அளவில் இருக்காது.)

2

முதல் தொடக்கம்: கிளேபாங் கடலில் சூரியன் மெல்ல

வேண்டாம். இந்தக் கதையில் சூரியன் ஒரு தையலும் போடவில்லை.

இரண்டாம் தொடக்கம்: கத்தரியை எடுத்தபோது ருக்மணியின் கண்கள்

கண்களும் வேண்டாம். ருக்மணிக்கு வேண்டியது ஒரு தையல் மெஷின். வாடகை மெஷினில் ஊராருக்கு ரவிக்கை தைப்பவள் அவள். சுதந்திரக் கொண்டாட்டத்துக்குப் பெண்கள் சங்கம் ஒட்டுப்போர்வைப் போட்டி வைத்தது. முதல் பரிசு புத்தம் புதிய கால்மெஷின்! விதி இது: போர்வையைச் சுற்றி நீலப் பட்டை. மூலைகளில் பட்டைகள் படச்சட்டம் மாதிரிச் சாய்வாகச் சேர வேண்டும். பட்டையில் ஒட்டு கூடாது.

துண்டுத்துணி கொடுத்தவர்கள் தெருப் பெண்கள். சும்மா கொடுப்பார்களா? "என் துண்டு ஓரத்துலதான் இருக்கணும். நடுவுல வெச்சா யாரு பாக்கப் போறா?" என்று பேசித்தான் ஒவ்வொருத்தியும் கொடுத்தாள். இப்படியே போர்வையின் ஓரம் முழுக்க விலைபோய்விட்டது.

3

போர்வை ஒரு பக்கம் இரண்டு கெஜம்.* கடையில் ருக்மணி கேட்டதும் இரண்டு கெஜம்.

"கால் கெஜம் சேத்து எடுத்துக்கங்க தங்கச்சி. மூலைய சாய்க்கணும்னா ரெண்டு நுனியிலயும் பட்டையோட அகலத்துக்குத் துணி கூட வேணும்."

"பக்கம் ரெண்டு கெஜம், துணியும் ரெண்டு கெஜம். நீளவாக்குல நாலு பட்டை கிழிச்சுக்குவேன். எனக்கும் கணக்கு தெரியும் லா, பாய்."

"சத்தியமாச் சொல்றேன்."

"போன தடவை சாயம் போகாதுன்னும் சத்தியம்தான் பண்ணீங்க."

(நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.)

* கெஜக்கோல் அத்தாவுடையது. அதை மட்டும் நம்பலாம்.

4

போட்டி நாள். மாலை ஐந்துக்குள் ஒப்படைக்க வேண்டும். மதியம் ருக்மணி பட்டைகளைப் போர்வையோரம் விரித்துப் பார்த்தாள். நான்கு மூலையிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெறுந்தரை தெரிந்தது.

கடைக்கு ஓடினாள். நீலம் இல்லை. தெங்கேராவிலிருந்து செமாபோக் வரை இருந்த நீலமெல்லாம் கொடியாகிவிட்டது.

(அத்தா தன் கடைக்கொடியை இறக்கி இலவசமாகக் கொடுப்பதாக ஒரு முடிவு எழுதினேன். வீட்டில் காட்டினேன். சிரித்தார்கள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

கொடிக்குப் பதில் அத்தா தானே அவளோடு அவள் வீட்டுக்கு வந்தார், தான் சொன்னது சரியென்று பார்க்க. என் அம்மா ஹஸீனாவும் வந்தாள். பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண் பொன்னம்மா வேலியோரம் வந்து நின்றாள். பல தலைமுறையாக இந்த ஊரிலேயே ஊறிய குடும்பம்; அவளுக்குத் தமிழ் ஓடாது, பேச்செல்லாம் மலாய்தான். போர்வையைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள், கையைக் கத்தரியாக்கிக் காட்டினாள்.

"போத்தோங் சாஜா லா!"

வெட்டிவிடு! நீலம் வளராது, போர்வை சுருங்கலாம் அல்லவா? எழுதும்போதே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். ஓரத்தில் வெட்டினால் தெருவே சண்டைக்கு வரும். நடுவில் வெட்டினால்? பட்டையின் அகலம் நான்கு அங்குலம். இரண்டு நுனிக்கும் எட்டு. ஒவ்வொரு துண்டும் எட்டு அங்குலம்! நெடுக்கில் ஒரு வரிசை, குறுக்கில் ஒரு வரிசை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால், இருக்கிற நீலம் மூலைவரை எட்டும். மற்ற ஓரத்துண்டுகள் ஓரத்திலேயே இருக்கும். போவது வரிசைகளின் நுனியில் இருக்கும் நான்கு மட்டும்.

யாருடைய நான்கு? தெருவில் மற்றவர்கள் படாங் திடலில் தோரணம் கட்டப் போய்விட்டார்கள். கேட்காமல் வெட்ட முடியாது. இருந்தவர்கள் ருக்மணி, பொன்னம்மா, ஹஸீனா, ருக்மணியின் மாமியார் சாரதாம்பாள். (இவர்களுடைய துண்டுகளே சரியாக நுனிகளில் எப்படி அமைந்தன என்று கேட்காதீர்கள். நான்தான் வைத்தேன்.)

5

ருக்மணி தன்னுடையதை முதலில் விட்டுக்கொடுத்தாள்.

"சாயா புஞ்ஞா? போத்தோங்!" – என்னுடையதா? வெட்டு! – என்று தன்னுடையதையும் தள்ளிவிட்டாள் பொன்னம்மா.

"எங்க வீட்டு மனுசர் ஒழுங்கா சொல்லியிருந்தா இந்தக் கஷ்டம் ஏன்?" என்றாள் அம்மா.

"சொன்னேன்! சத்தியம் பண்ணிச் சொன்னேன்!"

"நம்புற மாதிரி சொல்லியிருக்கணும். நீ வெட்டு, ருக்கு."

சாரதாம்பாள் நிதானமாக வெற்றிலையை மடித்தாள்.

"என்னோடதையும் வெட்டிக்கோ. ஆனா மெஷின் வந்தா என் ரூம்புலதான் நிக்கணும். என்னைக் கேட்டுட்டுத்தான் மிதிக்கணும்."

"அத்தே! அப்புறம் அதுவும் வாடகை மெஷின்தானே!"

"என் துண்டு. என் வெலை."

ருக்மணியின் கையில் கத்தரி விரிந்து நின்றது.

6

ஒப்புக்கொண்டால் மெஷின் வரக்கூடும், அவளுடையதாக அல்ல. மறுத்தால் போர்வை மூலையில்லாமல் கிடக்கும். முதலில் சொல்லும் விலை கடைசி விலை அல்ல என்பது கடையில் வளர்ந்த எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் உனக்கு, நான்கு நாள் எனக்கு என்று எங்காவது படியலாம். ஆனால் நான் பேச மாட்டேன். மாமியார்களிடம் பேரம் பேசி நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. நீங்கள் பேசிப் பாருங்கள், அத்தாவும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கணக்கை மட்டும் ஒப்படைக்கிறேன்.

எடுக்க வேண்டிய ஓரத்துண்டுகள்: நான்கு.
சம்மதம் வந்தது: மூன்று.
பாக்கி: ஒன்று.