தட்டிப் பார்க்காத சரக்கு

பாத்திரக்கடைக்காரர் கொட்டகையில், தன் கையால் கட்டிய காருக்குள் தலையை நுழைத்துப் படுத்திருந்தார். பழைய வண்டிகளின் உறுப்புகளைப் பேரம் பேசி வாங்கிச் சேர்த்த கார் அது. பிரேக் பெடலுக்கும், மிதித்தால் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இருந்த தண்டை இன்னும் கொஞ்சம் திருகி நீட்டினார். பெடலில் இருந்த சொற்ப ஆட்டமும் போய்விட்டது.

"பெடல் கொஞ்சம் சும்மா ஆடணும்னு சிலிண்டர் வந்த பெட்டியிலயே போட்டிருக்குங்க," என்றாள் மனைவி.

"என் தராசுலயே ஆட்டம் விடமாட்டேன், பெடல்ல விடுவேனா? கால் பட்டதும் கப்புனு பிடிக்கணும்டி."

முற்றத்தில் வட்டமடித்துப் பார்த்தார். கப்பென்றுதான் பிடித்தது. ஆனால் காலை எடுத்த பிறகும் முழுதாக விடவில்லை; யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் வண்டி தயங்கியது. இறங்கியபோது முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை. 'புதுசுன்னா அப்படித்தான்' என்று அவரே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். ஒரு குடம் வாங்குவதென்றால் நாலு இடத்தில் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, விற்பவன் கண்ணில் நீர் வரும்வரை பேரம் பேசுகிற மனிதர்!

கார் மகளுக்கு. கைக்குழந்தையோடு அன்றைக்கே அதில் கிளம்புவதாக இருந்தாள். வாசலைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். கீழே பேருந்து நிறுத்தம், எந்நேரமும் கூட்டம். அதிகாரி வண்டியைச் சோதித்துத் தரும் தகுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி.

சான்று வாங்கித் தரும் தரகர் வந்து காதைக் கடித்தார். "அண்ணே, அதிகாரி ஓட்டிப் பார்க்க ஆரம்பிச்சா குறை சொல்லிக்கிட்டே இருப்பாரு. கவனிச்சிட்டா, பானெட்டைக்கூடத் திறக்க மாட்டாரு."

"கவனிச்சிடு."

அதிகாரி வந்தார். பணம் போட்ட உறை அவர் பைக்குள் போனது. திறக்காத பானெட்டின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பிப் போகலாமென்றால் அவருடைய ஸ்கூட்டர் எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை.

"ஏறுங்க சார், நம்ம கார்லயே கொண்டு விடறேன். இறக்கம் முடிஞ்சா உங்க ஆபீஸ்தானே?"

அதிகாரி மூக்கைச் சுளித்தார். சக்கரத்தைப் பார்த்தார்; இறக்கத்தைப் பார்த்தார். "வேணாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

தான் விற்கும் சரக்கைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகாத வியாபாரி எப்படிப்பட்டவன் என்று பாத்திரக்கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குள் மகள் குழந்தையோடு ஏறிச் சாவியைத் திருகிவிட்டாள்.

"இறங்கும்மா!"

"என்னப்பா, சான்றுதான் வந்திருச்சே? நேரமாகுதுப்பா."

"இறங்குன்னா இறங்கு!"

அவளை இறக்கிவிட்டு அவரே ஏறினார். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் விறைத்துக்கொண்டே போனது. சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. வாசலை நோக்கித் திரும்பி மிதித்தபோது அந்த விறைப்பு சட்டென்று காணாமல் போயிற்று. சேற்றில் கால் வைத்ததுபோல் பெடல் தரைவரை அமிழ்ந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் வாசல் தூணில் மோதி நின்றது. தூணுக்கு அந்தப் பக்கம் இறக்கம்.

ஆட்டமே இல்லாத தண்டு சிலிண்டரை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எண்ணெய் திரும்பி வர வழியில்லாமல், பிரேக் விடாமல் உரசி, அந்தச் சூட்டில் எண்ணெயே கொதித்துக் குமிழியாகிவிட்டது; மிதித்த அழுத்தம் குமிழியை அமுக்கியதோடு சரி, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மனைவி சிலிண்டர் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தாள். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் தரகர். "தூண்தானே அண்ணே, போனா போகுது. சான்று பத்திரமா இருக்குல்ல?"

பாத்திரக்கடைக்காரர் அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். "போய் அதிகாரியைக் கூட்டிட்டு வா. உறை கிடையாது. அவரே ஓட்டிப் பார்க்கட்டும், ஆயிரம் குறை சொல்லட்டும், அத்தனையும் சரி பண்றேன். என் புள்ளைங்களை அந்த இறக்கத்துல தள்ளிவிட நானே காசு குடுத்திருக்கேன்! லஞ்சம் குடுத்து வாங்கின கையெழுத்து பிரேக் பிடிக்காதுய்யா."