முன்சக்கரம் சுற்றாத வண்டி

சரிவின் பாதியிலேயே வண்டி நின்றுவிட்டது. மாட்டு டாக்டரம்மா சின்ன கியரைப் பிடித்து, நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றிப் போட்டாள். எதிரே டாஷ்போர்டில் அதற்கான பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் பின்சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் எனக்கென்ன என்று கிடந்தன. வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை.

மேலே ஒரு பசு விடிந்ததிலிருந்து கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. கன்றின் கால் மடங்கிச் சிக்கிக்கொண்டதாக ஃபோனில் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாள். கையை விட்டு இழுத்தபோது கன்று உயிரோடு இல்லை. பசு மட்டும் பிழைத்தது.

மாட்டுக்காரி ஒரு குறையும் சொல்லவில்லை. "பரவாயில்ல டாக்டரம்மா, இந்தச் சேத்துல நடந்தே வந்தீங்களே" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டாக்டரம்மாவுக்கு.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்த வண்டியை மெக்கானிக்கிடம் விட்டாள். அவர் அடியில் புகுந்த வேகத்திலேயே வெளியே வந்தார்.

"முன்சக்கரத்தைச் சுத்த வைக்கிற ஷாஃப்டே இல்லம்மா. தேஞ்சு போய் சத்தம் போட்டிருக்கும், கழட்டிட்டாங்க. சத்தமும் போச்சு, செலவும் மிச்சம். விளக்கு மட்டும் சமத்தா எரியும்."

"வாங்குறப்பவே தெரிஞ்சிருக்குமா?"

"குனிஞ்சாலே தெரியும்மா."

குனிந்து பார்த்திருக்க வேண்டியவன் அவளுடைய தம்பி. வண்டி விஷயம் என்றால் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். "பழைய வண்டி, மலைப்பாதைக்குத் தாங்குமாடா?" என்று மூன்று தடவை கேட்டிருந்தாள். "அக்குவேறு ஆணிவேறா பார்த்துட்டேன்க்கா. கண்ணை மூடிட்டு வாங்கு" என்றிருந்தான்.

தம்பியை வரச்சொல்லி, அதே வண்டியில் அவனையும் ஏற்றிக்கொண்டு நேரே வியாபாரியின் கடைக்குப் போனாள். உள்ளே ஒரு கணவனும் மனைவியும் வேறொரு ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"வாங்க மேடம், வண்டி எப்படி ஓடுது?"

"நீங்களே ஓட்டிப் பாருங்க. ஏறுங்க, மலைக்குப் போவோம்."

"இப்பவா? நல்ல மழை பெஞ்சிருக்கே..."

"மழைக்கும் சேத்துக்கும்தானே இந்த வண்டி? ஏறுங்க!"

"இதுலயா? அந்தப் பாதைக்கா? நான் வரல, ஆளை விடுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ஜீப் பார்க்க வந்த மனைவி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த ஜீப்பின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இருவரும் நடையைக் கட்டினார்கள்.

வியாபாரியின் முகம் கறுத்தது. "நான் ஒண்ணும் மறைக்கல. ஷாஃப்ட் இல்லன்னு உங்க தம்பிகிட்ட சொல்லித்தான் கொடுத்தேன். வேணும்னா கேளுங்க!"

டாக்டரம்மா திரும்பினாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"நீ தார் ரோட்டுலதானே போவேன்னு நெனச்சேன்க்கா. விலை படிஞ்சு வந்துச்சு, அதான்..."

"பதினாறு வருஷமா உங்கக்கா என்ன வேலை பார்க்கறான்னு உனக்குத் தெரியாது, இல்ல?" அவள் போட்ட சத்தத்தில் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏசி ஓடுதா, பாட்டு கேக்குதான்னு பார்த்தியே, அதைத்தான் அக்குவேறு ஆணிவேறுன்னியா?"

வியாபாரி மெல்ல நழுவப் பார்த்தான். அவள் விடவில்லை. "நாலு சக்கரமும் இழுக்கும்னு விளம்பரம் கொடுத்தது யாரு? என் தம்பியா? ஒரு வாரத்துல ஷாஃப்ட் மாட்டணும். என் மெக்கானிக் பக்கத்துலயே நிப்பார். இல்லன்னா தினமும் வந்து இந்த வாசல்லயே நிறுத்திட்டு, வர்றவங்க ஒருத்தர் விடாம குனிஞ்சு பார்க்கச் சொல்வேன்."

ஐந்தாம் நாளே ஷாஃப்ட் மாட்டியாகிவிட்டது. மறுநாள் காலை தம்பியின் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தாள். அவன் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டான். வண்டி சரிவில் உறுமிக்கொண்டு ஏறியது.

கன்றில்லாத பசு தொழுவத்தில் நின்றிருந்தது. மாட்டுக்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. இவரு யாரு?"

"என் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் அக்காவைப் பார்த்தான், பசுவைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். அவன் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா நகர்வதாக இல்லை.