ஒரு பொத்தான் தள்ளி

...சான்றிதழ்த் தேர்வின் நூற்று எழுபத்தைந்து கேள்வியில் இதுவா வர வேண்டும், பக்கவாதம் வந்த கணவருக்கு மனைவியே சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள், மறுவாழ்வுச் செவிலியர் அவளிடம் என்ன சொல்ல வேண்டும், கணினித் திரையில் நான்கு விடைகள், மூன்றாவதுதான் சரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், எவ்வளவு நேரமானாலும் அவரையே போட விடுங்கள்... பத்தொன்பது வருஷமாக இந்த டொலீடோ ஆஸ்பத்திரியில் எத்தனை மனைவிகளிடம் சொல்லியிருக்கிறேன், எங்கள் வார்டில் நோயாளி தடுமாறும்போது நம் இரண்டு கையும் அங்கிப் பைக்குள் போய்விட வேண்டும், புதிதாக வரும் பெண்களின் கையை நானே பிடித்துப் பைக்குள் திணிப்பேன், "பாவம் பாத்து நீ செஞ்சு குடுத்தா அந்தக் கை செத்துரும்டி"... வீட்டில் மட்டும் என் கை ஏன் பைக்குள் போகவில்லை?

தினமும் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும், காரில் உறைந்த பனியைச் சுரண்ட வேண்டும், பக்கவாதம் வந்த என் கணவன் வெண்டெலுக்கு ஒரு பொத்தானுக்கு நான்கு நிமிஷம், இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய கை ஒரு துளையைத் தேடி அல்லாடுவதைப் பார்க்கச் சகிக்காது, நகரு என்று ஏழு பொத்தானையும் நானே போட்டுவிடுவேன், அவன் நல்ல கையில் என் படிப்பு அட்டைகளை வைத்துக்கொண்டு வாய் குழறக் கேள்வி கேட்பான், ஒரு நாள் இதே கேள்வி, பொத்தான் போட்டுக்கொண்டே இதே விடையைச் சொன்னேன், "ச... சரி. முழு மார்க்கு. அந்த நர்ஸம்மாவ... நம்ம வீட்டுக்கும் ஒரு தடவ... வரச் சொல்லேன், டோரீன்." "வாய மூடு, லேட்டாச்சு." சிரித்தோம், இருவரும்தான் சிரித்தோம்... பிப்ரவரியில் இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது, போய்விட்டான், நீ பாஸானால் சான்றிதழை நானே சுவரில் மாட்டுவேன் என்றவன் போய்விட்டான்.

அதற்கு முந்திய மாதம், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன், வாசல் கதவருகிலேயே நின்றுகொண்டிருக்கிறான், தடியை ஊன்றிக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை, சட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு பொத்தான் தள்ளித் தள்ளி... "ஐயோ, காலைல அவசரத்துல என்ன லட்சணமா போட்டுவிட்டிருக்கேன், நாள் பூரா இப்படியேவா இருந்தே?" என்று ஏழு பொத்தானையும் கழற்றி ஒழுங்காகப் போட்டேன், "டோ... டோரீன், நா..." "அப்பறம் சொல்லு, சூப் வைக்கணும்." அப்புறம் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, படுக்கையில் அவனுடைய நீலச் சட்டை கசங்கிக் கிடந்தது, எடுத்து அழுக்குக் கூடையில் போட்டேன்.

மூன்றாவது விடையை அழுத்தினேன், அடுத்த கேள்வி வந்துவிட்டது, படிக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் கலங்குகிறது... அன்று காலை நான் போட்டுவிட்டது அந்த நீலச் சட்டை. சாயங்காலம் நான் பொத்தானைக் கழற்றி மாட்டியது சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. ஏழு பொத்தான், ஒன்றுக்கு நான்கு நிமிஷம்... எவ்வளவு நேரமாக அந்தக் கதவருகில் நின்றிருப்பான்?