பஞ்சாமிர்த வாளி

சேக்காட்டுக்கு அப்பால் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் அன்று வைக்கோலுக்கு விழா. பேராசிரியர் ராஜசேகரன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். வைக்கோலைக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து அலசிவிட்டால், பிறகு சேர்க்கும் நொதிக்கு அது இளகிக்கொடுத்து சர்க்கரையைத் தாராளமாக விடும். கைத்தோல் உரிய அதைச் செய்து கண்டுபிடித்தவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி ஹேமாவதி. வாசல் பேனரிலோ 'ராஜசேகரன் முறை' என்று இருந்தது. தன் பெயர் எங்கே என்று கேட்டதற்கு இடம் பத்தவில்லை என்றார். அவர் படம் மட்டும் ஆளுயரத்துக்கு நின்றது.

மேசையில் இரண்டு வாளிகள். ஒன்றில் சோடாவில் ஊறி அலசிய வைக்கோல், மற்றதில் வெறும் வைக்கோல். இரண்டிலும் முந்தின நாளே ஒரே அளவு நொதி சேர்த்தாகிவிட்டது. விருந்தினர் முன்னால் இரண்டின் சாற்றிலும் மஞ்சள் நிற மருந்து விட்டுச் சூடாக்க வேண்டும். எது அதிகம் சிவக்கிறதோ அதில்தான் சர்க்கரை அதிகம்.

அந்தத் துறையில் பூஜை போடாமல் மின்விசிறிகூடச் சுற்றாது. ராஜசேகரன் பஞ்சாமிர்தச் சொம்போடு வருவதைப் பார்த்ததுமே ஹேமாவதி இரு வாளியிலிருந்தும் ஒவ்வொரு பாட்டில் சாறு எடுத்து மூடிவைத்தாள்.

"சார், வாளியில எதையும் ஊத்தாதீங்க. ரிசல்ட் கெட்டுடும்."

"சாமி பிரசாதத்துல கெட்டுப்போறது இன்னா சயின்ஸும்மா? ஓரமா நில்லு."

சோடா வாளியை நெருங்கினால் பட்டு வீணாகிவிடும் என்று பயந்து, மற்ற வாளியில் சொம்பை முழுசாகக் கவிழ்த்தார்.

வைக்கோல் சர்க்கரையிலிருந்து எரிசாராயம் எடுக்க நினைத்த ஆலை முதலாளி இளங்கோ, விருந்தினராக வந்து அமர்ந்தார். சோதனை நடந்தது. சோடா வாளிச் சாறு சிவந்தது. வெறும் வைக்கோல் சாறு அதைவிடக் கருஞ்சிவப்பாக நின்றது.

"அப்போ சோடா எதுக்கு?" என்றார் இளங்கோ.

ராஜசேகரன் பேனருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். தான் மேற்பார்வை மட்டும்தான் என்றார்.

"இந்த முறை முழுக்க முழுக்க இந்தப் பொண்ணோடது. நான் எவ்ளோ சொன்னேன், கேக்கல."

ஹேமாவதி மைக்கை வாங்கி அவருக்கு நன்றி சொன்னாள். சார் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்ததா என்று விசாரித்தாள். முன்வரிசை தலையாட்டியது. அதன் பிறகுதான் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பாட்டில்களையும் எடுத்து, பூஜைக்கு முன்னால் பிடித்த சாறு என்று சொல்லிச் சோதித்தாள். சோடா சாறு சிவந்தது. மற்றது மஞ்சளிலேயே தங்கிவிட்டது.

அப்படியானால் முதல் சோதனையில் வெறும் வைக்கோல் சாற்றைச் சிவக்கவைத்தது என்ன என்று இளங்கோ கேட்டார்.

"வாழைப்பழம், தேன், கல்கண்டு," என்றாள் ஹேமாவதி. "அதுதான் சார், ராஜசேகரன் முறை."