பத்துக்கு எவ்வளவு

மனிதகுலத்தின் வலியை அளக்கப் பிறந்தவர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் தோன்றுவார்கள் என்று ஆரணி பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் தணிகாசலம் மைக்கில் அறிவித்தார். இந்த நூற்றாண்டுக்கானவள் மேடையில் உட்கார்ந்து, கேசரி நெய் பட்ட முந்தானையை மடிக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

உதயாவுக்குக் கிடைத்திருந்தது பதினோரு மாத ஒப்பந்த வேலை. வேலூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக்காக, புற்றுநோய் வந்த குழந்தைகளிடம் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உளவியலில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டிலிருந்தவளுக்கு அது பெரிய விஷயம்தான். அப்பா லோகநாதனுக்கு அதைப் புரியவைக்கத்தான் மூன்று நாள் ஆயிற்று.

“கேட்டு எழுதிக்கினு?”

“அவ்ளோதாம்பா.”

“மருந்து?”

“அத டாக்டருங்க குடுப்பாங்க.”

“அப்ப நீ இன்னாத்துக்கு?”

இதற்கு அவளிடம் பதில் இருந்தது, ஆங்கிலத்தில். மகள் அதைத் தமிழில் யோசித்து முடிப்பதற்குள் லோகநாதன் தாமே ஒரு பதிலைத் தயாரித்து ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார்: ‘புற்றுநோயை வெல்லப் புறப்படும் எங்கள் வீட்டு டாக்டர்’. சங்கத்துக் கூடத்தின் வாசலில் அது பத்தடி உயரத்துக்கு நின்றது.

சால்வை போட்டு முடிந்ததும், வலியை எப்படி அளப்பது என்று சபைக்குக் காட்டும்படி தணிகாசலம் கேட்டார். உதயா கைப்பையிலிருந்து லேமினேட் செய்த அட்டையை எடுத்தாள். அதில் வரிசையாக ஆறு முகங்கள். சிரிக்கிற பச்சை முகம் பூஜ்யம், வலி இல்லை. போகப்போக நிறம் மாறி, கடைசியில் கண்ணீர் விடுகிற சிவப்பு முகம், பத்து. எந்த முகம் தன்னுடையது என்று குழந்தை தொட்டுக் காட்டும்.

அவ்வளவுதான், பெரியவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு இடுப்பு ஆறு. அடுத்தவருக்குக் கழுத்து எட்டு. எட்டைக் கேட்டதும் ஆறுகாரர் திரும்பி வந்து, நின்றால் ஆறு, உட்கார்ந்தால் எட்டு என்று திருத்திக்கொண்டார். தணிகாசலம் பேன்ட்டை முட்டிவரை சுருட்டி, பத்தைத் தொட்டார். தலைவருக்கு அதற்குக் குறைந்து வலிப்பது சங்கத்துக்கு மரியாதை இல்லை. பிறகு மூவரும் முட்டியை நன்றாக மடக்கி உட்கார்ந்து இன்னொரு ஈடு போண்டா சாப்பிட்டார்கள்.

கூட்டம் கலைகிறவரை தூணோரம் காத்திருந்தாள் திலகவதி. பக்கத்துத் தெரு, அவள் புருஷன் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவன். அவள் கையைப் பிடித்தபடி ஏழு வயது மகள் துர்கா, காது வரை இழுத்துவிட்ட குல்லாவோடு. குழந்தைக்கு டைபாய்டு என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருந்தார்கள்.

“டாக்டரம்மா...”

“நான் டாக்டர் இல்லக்கா.”

“வாசல்ல போட்டுகீதே.” திலகவதி குரலைத் தாழ்த்தினாள். “ரத்தத்துல கேன்சரு. மெட்ராஸ்ல பாக்கறோம். வலி இருந்தா குடுங்கன்னு ஒரு மருந்து குடுத்தாங்க. நாலு நாளா பீரோல கீது. வலிக்குதாடின்னு கேட்டா தோளக் குலுக்குது. இல்லாத வலிக்குக் குடுத்தா இன்னா ஆவுமோன்னு பயம். இருந்து குடுக்காம விட்டா... நீ கேட்டுச் சொல்லும்மா. அதானே உன் வேல?”

அதுதான் அவள் வேலை. நேர்முகத்தேர்வில் ஒரு பேராசிரியர், குழந்தை பொய் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தார். வலியில் குழந்தைகள் பொய் சொல்வதில்லை சார் என்று உதயா சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் நாலு தலைகள் ஆடின. அந்த வாக்கியத்துக்குத்தான் வேலை கிடைத்தது என்பது அவள் நம்பிக்கை.

குனிந்து அட்டையைக் காட்டினாள். “துர்கா, இப்ப உனக்கு எவ்ளோ வலிக்குது? எந்த மூஞ்சின்னு தொடு பாக்கலாம்.”

துர்கா யோசிக்கவே இல்லை. பத்து. திலகவதி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“அவ்ளோ வலியாடா கண்ணா?” என்று கேட்டாள் உதயா.

“இது அரக்கு,” என்றாள் துர்கா. “கல்யாணப் பொடவைக்குப் போடறது. அப்பா போட்டா இன்னும் நல்லா வரும். இந்தப் பச்ச சாயம் போவும்.”

பயிற்சிக் கையேட்டில் நாற்பத்திரண்டு பக்கங்கள் இருந்தன. சாயக்காரர் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை. “கலரப் பாக்காத. மூஞ்சிய மட்டும் பாரு,” என்றாள் உதயா.

துர்கா முகத்தைப் பார்த்தாள், ஆனால் அட்டையில் இருந்ததை அல்ல, அம்மாவுடையதை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், சிரிக்கிற முகத்தின்மேல் வைத்தாள். பூஜ்யம்.

எது நிஜம்? பத்துக்கு நிறம் காரணம் என்றால், பூஜ்யத்துக்கு அம்மாவின் கண்ணீர் காரணம். இல்லை, முதலில் தொட்டதுதான் வலி. நிறமென்று சொன்னது சமாளிப்போ? ஏழு வயதுக்கு அவ்வளவு தெரியுமா? உதயா குழந்தையின் கண்ணைப் பார்த்தாள். அது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா, இருக்குதா இல்லியா?”

“மெட்ராசுக்கே போன் பண்ணிக் கேட்டுடுங்கக்கா. அதான் நல்லது.”

திலகவதி உடனே போட்டாள். ஸ்பீக்கரில் வார்டு சத்தம், பிறகு ஒரு நர்சின் அவசரக் குரல். “வலி பத்துக்கு எவ்ளோ சொல்லுதும்மா பாப்பா?”

“இங்க டாக்டரம்மா கீறாங்க, அவங்க சொல்லுவாங்க,” என்று திலகவதி போனை உதயாவின் வாயருகே நீட்டினாள்.

“மேடம், எவ்ளோ? ஜல்தி சொல்லுங்க, ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க.”

லோகநாதன் சற்றுத் தள்ளி கைகட்டி நின்று, மகள் மெட்ராஸ் ஆஸ்பத்திரியோடு பேசுவதைத் தணிகாசலத்துக்குக் கண்ணால் காட்டிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு,” என்றாள் உதயா.

அட்டையில் இருப்பவை பூஜ்யம், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து. ஐந்துக்கு முகம் கிடையாது.