கைப்பிடித் தூக்கம்

கைக்கு வந்த மூன்றாம் நாளே அந்தக் கடிகாரம் பொய் சொல்ல ஆரம்பித்தது. விஜயகலா ஒரே நாளில் நாற்பத்தோராயிரம் காலடி நடந்திருக்கிறாளாம். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்த சின்ன துரை பிரதீபன், அதை அப்படியே நிறுத்திவிட்டுத் தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

"விஜயகலா, நேத்து எங்க போனீங்க? கொழும்புக்கு நடந்து போயிட்டு வந்தீங்களா?"

"மலைக்குத்தாங்க சேர் போனேன். கொழுந்து எடுத்தேன்."

கொழுந்து பறிக்கிறவளின் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கிள்ளும், சேர்க்கும், தோளுக்குப் பின்னால் கூடையில் வீசும், திரும்பிச் செடிக்கு வரும். கை வீசியதையெல்லாம் கால் நடந்ததாக எடுத்துக்கொண்டது மெஷின். அதைச் செய்த மகராசன் தேயிலையைக் கோப்பைக்குள் மட்டும்தான் பார்த்திருப்பான்.

பிரதீபன் பலாங்கொடைக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. ஓட்டப் பைத்தியம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மரதன் ஓட்டத்தை மூன்று தடவை ஓடியவர். கெஞ்சிக் கூத்தாடி, கம்பனித் தலைமையகத்தை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தார். ஒக்டோபரில் கொழும்பில் நடக்கும் மரதனுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் போகலாம். ஓடிக் காட்டியவர்களில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இரண்டு பேருக்கும் சப்பாத்து, ஆளுக்கொரு கடிகாரம். குளிக்கும்போது தவிர அதைக் கழற்றக் கூடாது. அது சொல்வதெல்லாம் துரையின் போனுக்கு வரும், அங்கிருந்து தலைமையகத்துக்குப் போகும். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெயரை அனுப்புவார்.

மற்றவள் நிரோஷா. இருபத்து நான்கு வயது, தோட்டத்து ஒபிசில் கிளார்க். விஜயகலாவுக்கு முப்பத்து நான்கு. இரண்டு பிள்ளைகள், கணவன் யோகராஜ் கொழும்பில் கட்டட வேலையில்.

பதினாறு வயதில் விஜயகலா வலயப் போட்டியில் முதலாவதாக வந்தவள். இரத்தினபுரியில் மாகாணப் போட்டிக்குப் போக வேண்டிய காலையில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது. பஸ் இல்லை. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதினொரு மணி வரை ரோட்டில் நின்றாள். அடுத்த வருஷம் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் தோட்டத்து விளையாட்டு விழாவில் கரண்டியும் எலுமிச்சம்பழமும்தான். ஏழு வருஷம் பரிசு வாங்கினாள், எலுமிச்சம்பழத்தைக் கீழே போடாததற்காக! ஒரு நீண்ட ஓட்டத்தைத் தொடங்கி முடிக்க வேண்டும், வாழ்க்கையில் ஒரு தடவை. அவள் ஆசை அவ்வளவுதான். அது சின்ன ஆசை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

கடிகாரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். பச்சை என்றால் உடம்பு ஓய்வெடுத்திருக்கிறது. நிரோஷாவுக்கு எந்நாளும் பச்சை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவளை அந்தக் கடிகாரத்துக்கு நன்றாகப் பிடித்துப் போனது. விஜயகலா நான்கு மணிக்கு எழுந்து ஓடி, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, நாள் முழுக்க மலையேறி, ராத்திரி துணி துவைத்துப் படுப்பவள். ஐந்து மணி நேரத் தூக்கம். அவளுக்கு எந்நாளும் சிவப்பு.

"நிரோஷாவ விட நீங்கதான் வேகம்," என்றார் பிரதீபன். "ஆனா உடம்பு ரெஸ்ட் எடுக்கலன்னு இது சொல்லுது. ரோட்டுல மயங்கி விழுந்தா ஹெட் ஒபிஸ்ல என்னத்தான் கேப்பாங்க. ரெண்டு மணித்தியாலம் கூடத் தூங்குங்க. பச்சை வரல்லன்னா நான் பேர் அனுப்ப மாட்டேன்."

ரெண்டு மணி நேரத் தூக்கத்துக்கு அவள் எங்கே போவாள்? பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தபோது கூட இருந்த பெண்களிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

அந்த மலையில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு முடியாமல் போய் அன்றைய நிறை குறைந்தால், மற்றவர்கள் கணக்கப்பிள்ளை பார்க்காத நேரமாக ஆளுக்கொரு கைப்பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். இருபது கைப்பிடி விழுந்தால் குறை தெரியாது. போட்டவள் சொல்ல மாட்டாள், வாங்கியவள் கேட்க மாட்டாள். விஜயகலாவும் எத்தனையோ கூடைக்குப் போட்டிருக்கிறாள்.

"எவ்வளவு கொறையுது?" என்று கேட்டாள் ஜெயந்தி.

"ரெண்டு மணி நேரம்."

"ப்பூ, ரெண்டு மணி நேரந்தானே? போட்டுவிட்டாப் போச்சு. பிள்ளை மடுவத்துல அழகம்மாக்கா பகலெல்லாம் பிள்ளைங்களோட படுத்துத்தானே கெடக்குது? அது கையில கட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, யோசனை நல்லதாகத்தான் பட்டது. கொழுந்து குறைந்தால் கொழுந்து போடுகிறோம், தூக்கம் குறைந்தால் தூக்கம் போட்டால் என்ன? தராசு கேட்பது நிறையைத்தானே, யார் பறித்தது என்று அது எங்கே கேட்கிறது?

அழகம்மா விஜயகலாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நாற்பது வயது. பறிக்கிற கூட்டத்தில் ஒரு காலத்தில் முதல் ஆள். இரண்டு வருஷமாக ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று லேசான வேலை கேட்டு, பிள்ளை மடுவத்துக்கு மாறியவள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுத் தானும் சாய்ந்துகொள்வாள். விஜயகலா போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னதும், கையை நீட்டிவிட்டாள்.

"கட்டுடி. தூங்குறது ஒரு வேலையா? ஒனக்காகக் குறட்டையும் விடுறேன்."

முதல் வாரம் வேலை செய்தது. மலையில் கை வீசும் நேரத்தில் கடிகாரம் மடுவத்தில் கிடந்ததால் காலடிகள் பாதியாகக் குறைந்தன. சிவப்பு மஞ்சளாகி, வார முடிவில் பச்சையும் ஆனது. பிரதீபன் "ஷோக், ஷோக்!" என்றார். விஜயகலாவுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அந்த ஞாயிறு முப்பது கிலோமீட்டர் ஓடினாள். அது அவள் சொந்த ஓட்டம், அதில் யாருடைய கைப்பிடியும் இல்லை.

பெயர் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது பிரதீபன் அவளைப் பெரட்டில் தனியாகக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"விஜயகலா, ஒங்களுக்கு நெஞ்சு படபடன்னு வருதா? மூச்சுத் திணறுதா?"

"இல்லீங்களே சேர்."

"நாலு நாளா மத்தியானத்துல, அசையாமப் படுத்திருக்கிறப்ப, துடிப்பு நூத்து முப்பது நூத்து நாப்பதுன்னு காட்டுது. ஓடுறப்ப வர வேண்டியது படுத்திருக்கிறப்ப வருது. எச்சரிக்கை மேல எச்சரிக்கை அனுப்புது. இன்னைக்கே பலாங்கொட ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்க. நெஞ்சு நல்லாருக்குன்னு டொக்டர் துண்டு எழுதிக் குடுத்தா ஒங்க பேரத்தான் அனுப்புவேன். சத்தியமா."

விஜயகலா தலையாட்டினாள். அவள் நெஞ்சுக்கு ஒரு கேடும் இல்லை. போனால் துண்டு கிடைக்கும், பெயர் போகும். கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. ஆனால் மத்தியானம் படுத்திருந்தது அவள் இல்லையே.

நேராக மடுவத்துக்குப் போனாள். அழகம்மா பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒனக்கு மூச்சு எப்படி?"

"எப்பவும் போலத்தான். சாஞ்சு படுத்தா முட்டும், அதனால மூணு தலகாணி வச்சு ஒக்காந்தாப்புல தூங்குறேன். டிஸ்பென்சரியில ரத்தம் கொறைவுன்னு குளிச குடுத்தாங்க. ஏன்டி?"

விஜயகலா சொன்னாள். அழகம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒன் விஷயம் வெளிய வந்துரும். நீ போய்த் துண்ட வாங்கிட்டு வா. ஓடி முடி. அதுக்கப்புறம் நானே போறேன். மூணு வாரந்தானே? ரெண்டு வருஷம் தாங்குனது மூணு வாரம் தாங்காதா?"

மூணு வாரந்தானே. அன்று ஒரு நிரை முழுவதும் கொழுந்து பறித்தபடி விஜயகலா அதையே நினைத்தாள். மூன்று வாரம் பெரிய காலமா? அக்காவே சொல்லிவிட்டாள். மேலேயிருந்து கீழ்வரை ஒரு நிரை. அந்த ஒரு நிரை தூரம் அவள் அதை நம்பினாள். பின்னால் எத்தனை வருஷமானாலும் அவளுக்கு வெட்கம் தரப்போவது கடிகாரத்தை மாற்றிக் கட்டியதல்ல, அந்த ஒரு நிரைதான்.

நிரையின் முடிவில் கூடையை இறக்கி வைத்தாள். கங்காணி கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் கொழுந்து மடுவத்துக்கு இறங்கிப் போய், நிறுவையைப் பார்த்துக்கொண்டிருந்த பிரதீபன் முன்னால் நின்றாள்.

"சேர், அந்த நெஞ்சு என்னோடது இல்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் சொன்ன யோசனை என்பதை மட்டும் விட்டுவிட்டு, தான் செய்தது என்றாள். பிரதீபன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒங்களுக்காக எவ்வளவு பேசினேன் தெரியுமா? இதெல்லாம் ஹெட் ஒபிசுக்கு அனுப்பினேனே. இப்ப என்னன்னு சொல்லுவேன்?" போனைப் பைக்குள் போட்டார். "ஒங்க பேர அனுப்ப முடியாது. வெளங்குதா?"

"வெளங்குது சேர். அக்காவக் கூட்டிட்டுப் போகணும். கடிகாரத்துல உள்ளத டொக்டருக்குக் காட்டணும்."

கடிகாரத்தைக் கழற்றி நிறுவைத் தட்டின் மேல் வைத்தாள். பிரதீபன் ஒபிசுக்குப் போய் நான்கு நாள் கணக்கையும் தாளில் எடுத்துக் கொடுத்தார், தோட்டத்து வேனையும் அனுப்பினார். மனிதர் நல்லவர்தான். அந்த நல்லதனம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் அழுகையை வரவழைத்தது.

ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டர் அந்தத் தாளை இரண்டு தரம் புரட்டினார். அழகம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் வந்த காய்ச்சலின் மிச்சம் என்றார். மருந்தும் இருக்கிறது, பலூன் வைத்து விரிக்கவும் வழியிருக்கிறது. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் என்று விஜயகலா சிங்களத்தில் கேட்டாள். டொக்டர் தாளை மடித்து வைத்தார். "இன்றைக்கு வந்தது நல்லது," என்று மட்டும் சொல்லி, அழகம்மாவை அன்றே வாட்டில் சேர்த்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து நிரோஷா கம்பனி வேனில் கொழும்புக்குப் போனாள். போகுமுன் லயத்து வீட்டுக்கு வந்து, "அக்கா, நான் மெதுவாத்தான் ஓடுவேன்," என்றாள், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. "மெதுவா ஓடு, ஆனா முடி," என்று சொல்லி அனுப்பினாள் விஜயகலா. அவள்மேல் கோபமில்லை. பொறாமை இருந்தது, நிறையவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழகம்மா இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். பலூன் வைக்கும் நாளைக் குறிக்குமுன் சில பரிசோதனைகள். பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் பிள்ளைகளை ஜெயந்தியிடம் விட்டுவிட்டு, விஜயகலா முதல் பஸ்ஸில் பலாங்கொடைக்கு இறங்கினாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மணி ஐந்தரை. இரத்தினபுரி பஸ் ஆளேற்றிக்கொண்டு நின்றது.

அவள் ஏறவில்லை. சப்பாத்து நாடாவை இறுக்கி, சின்னப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கொழும்பு ரோட்டில் கிலோமீட்டருக்கு ஒரு கல் இருக்கிறது, அதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை. கல்லில் எண் ஒவ்வொன்றாகக் குறைந்தது, கடந்த கற்களை அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஓடினாள். கடந்து போன பஸ்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து, "நங்கி, நகின்ன!" என்று ஏறச் சொன்னார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவள் என்று நினைத்திருப்பார்கள். பெல்மதுளையில் ஒரு கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். முப்பதாவது கல்லுக்குப் பிறகு தொடை கல்லாகிவிட்டது. முப்பத்தைந்தில் ஒரு மதகில் உட்கார்ந்து, இது யாருக்காக என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். பையிலிருந்த கருப்பட்டித் துண்டைக் கடித்துவிட்டு எழுந்தாள். நாற்பத்திரண்டாவது கல் வந்தபோது இரத்தினபுரிக் கடைகள் திறந்திருந்தன. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் இல்லாமல் வர முடியாமல் போன ஊர். வந்துவிட்டாள். மீதியை நொண்டிக்கொண்டே நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். அழகம்மா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் வயர்கள் ஒட்டி, கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. ஒரு நாள் முழுக்கக் கழற்றக் கூடாதாம்.

"இத ஒன்கிட்ட மாத்திக் கட்ட முடியாது, பாத்துக்க," என்று சிரித்தவள், விஜயகலாவின் முகத்தில் காய்ந்த உப்பைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி இது கோலம்?"

"பலாங்கொடயிலிருந்து ஓடி வந்தேன் அக்கா. முடிச்சிட்டேன்."

அழகம்மா ஒரு தலையணையை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் ஒருபக்கமாக நகர்ந்தாள்.

"படு. எனக்குப் படுத்தா மூச்சு முட்டும், நான் ஒக்காந்துக்கிறேன். அன்னைக்கு ஒனக்குன்னு தூங்குனது பூராவும் வீணாப் போச்சு. இத வாங்கிக்க."

விஜயகலா தலையைச் சாய்த்தாள், அவ்வளவுதான் தெரியும். தாதி வந்து பார்த்தபோது ஒருத்தி பிணம்போலத் தூங்குகிறாள், இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். "கவுத லெடா?" என்றாள் தாதி. இதில் யாருக்கு நோய்?

அழகம்மா கழுத்துப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "மமய் மிஸ். மெயா துவகென ஆவா." நோயாளி நான்தான், இவள் ஓடி வந்தவள்.

ஓடி வந்தாளா என்று தாதி நம்பாமல் குனிந்து, விஜயகலாவின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, தன் சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாள். குறையொன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அன்றைக்கு எண்ணப்பட்டது விஜயகலாவின் துடிப்புத்தான்.